விலை போகும் நஞ்சு, விலை போகாத நஞ்சு: சென்னையின் அபாயகரக் கழிவு எங்கே போகிறது?

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போனால் சென்னையில் யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. புதுசு வாங்கும் கடையிலேயே பழசுக்கென்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் தெருமுனைக் காயலான் கடைக்காரர் எடை போட்டுக் கையில் காசு கொடுத்துவிடுவார். அதே வீட்டில் டியூப்லைட் போய்விட்டால் அதைக் கேட்டு வர ஆளில்லை. மாடிப்படிக்கு அடியில் சில வாரம் சாத்திவைத்திருந்துவிட்டு, ஒருநாள் காலையில் பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் நீட்டுகிறோம். அவ்வளவு நீளம் வண்டியில் இருக்கும் தொட்டிக்குள் அடங்காது. உடைத்துத்தான் போட்டாக வேண்டும். உடைகிற நொடியில் உள்ளே இருக்கும் சில மில்லிகிராம் பாதரசம், உடைப்பவரின் முகத்துக்கு எதிரே ஆவியாக வெளிவருகிறது.

பேட்டரியில் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும், டியூப்லைட்டில் பாதரசம். ஈயம், பாதரசம் இரண்டுமே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் உலோகங்கள். சட்டப்படி இரண்டுக்கும் தனிப் பாதை உண்டு. ஆனாலும் ஒன்று காயலான் கடைக்கும் மற்றொன்று குப்பைமேட்டுக்கும் போகிறது. காரணம் விலை. இந்த நகரத்தின் நச்சுக் கழிவுகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான்: காசு கிடைக்கும் நஞ்சு ஒரு வழியிலும், காசு செலவழித்து ஒழிக்க வேண்டிய நஞ்சு வேறு வழியிலும் ஊருக்குள் கசிகிறது. விதிமுறைகள் எழுதப்பட்டிருப்பது மூன்றாவதான ஒரு வழிக்கு. அந்த வழி எப்படி இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக யோசித்து உருவாக்கப்பட்ட ஏற்பாடு.

1984இல் போபால் விஷவாயுக் கொடுமை நடந்தது. அதையடுத்து 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1989இல் அபாயகரக் கழிவு விதிகள் முதன்முதலாக இயற்றப்பட்டன. 2008இலும் 2016இலும் அவை புதிதாக எழுதப்பட்டன. இந்த விதிகளின்படி, பெயின்ட் ஆலையின் கசடு, முலாம் பூசும் கூடத்தின் சயனைடு கலந்த மண்டி, எண்ணெய்த் தொட்டியின் அடிவண்டல், மருந்துத் தொழிற்சாலையின் கெட்டுப்போன கரைப்பான் என எதுவானாலும் அதை உண்டாக்கியவரே கடைசிவரை பொறுப்பு. பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்துக்குள் வைத்திருக்கக் கூடாது. வெளியே அனுப்பும்போது ஏழு பிரதிகள் கொண்ட ஒரு சீட்டு கூடவே போக வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நிறம். வெள்ளைப் பிரதி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கிய மஞ்சள் பிரதி அனுப்பியவரிடமே இருக்கும். கழிவு போய்ச் சேர்ந்த பிறகு நீலப் பிரதி, அனுப்பியவருக்கே திரும்பி வர வேண்டும். நீலம் வரவில்லையென்றால் சரக்கு வழியில் எங்கோ தடம் மாறிவிட்டது என்று பொருள்.

இந்தச் சீட்டோடு கிளம்பும் சென்னைப் பகுதிக் கழிவுகள் போய்ச் சேருமிடம், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு மையம். இப்படிப்பட்ட மையத்துக்குள் நுழையும் லாரியை முதலில் எடை போடுவார்கள். பிறகு கழிவிலிருந்து மாதிரி எடுத்து, அந்த ஆலை ஏற்கெனவே கொடுத்திருக்கும் வேதியியல் விவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் மூன்றில் ஒரு முடிவு: நேராகப் புதைப்பதா, கட்டிப்படுத்திவிட்டுப் புதைப்பதா, எரிப்பதா.

கட்டிப்படுத்துவது என்பது, நஞ்சு தண்ணீரில் கரைந்து ஓடாதபடி அதை ஒரு திடப்பொருளுக்குள் சிறைவைப்பது. சிமென்ட், சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவற்றைச் சேர்த்துக் குழைத்து இறுகவிடுவார்கள். குரோமியம் இருந்தால் முதலில் ஒரு வேதி வினை தேவை. ஆறிணைதிறக் குரோமியம் தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். இரும்பு சல்ஃபேட் சேர்த்தால் அது மூவிணைதிறக் குரோமியமாக மாறிவிடும். பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் கீழே படியும். இறுகிய கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துப் பொடித்து, லேசான அமிலத்தில் பல மணி நேரம் குலுக்கி, எவ்வளவு உலோகம் கரைந்து வருகிறது என்று அளப்பார்கள். வரம்புக்குள் இருந்தால்தான் குழிக்கு அனுமதி.

குழி என்றால் வெறும் பள்ளம் இல்லை. அடியில் இறுக்கிய களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் விரிப்பு, அதற்கு மேல் கசிவுநீரை இழுத்துக்கொண்டுபோகும் சரளையும் குழாய்களும், இதே அடுக்கு மறுபடியும் ஒருமுறை. மேல் விரிப்பு கிழிந்தால் கசிவு இரண்டு அடுக்குக்கும் நடுவே வந்து நிற்கும், அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும் கடற்கரை மாவட்டத்தில் இந்தக் குழிக்குப் பெரும் பகை மழைநீர்தான். அதனால் மழை மாதங்களில் குழியை மூடிவைக்க வேண்டியிருக்கிறது. குழி நிரம்பி மேலே மண் போட்டு மூடிய பிறகும் 30 ஆண்டுகளுக்கு நிலத்தடி நீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். நஞ்சு அங்கே அழிந்துவிடவில்லை, காவலில் இருக்கிறது.

எரித்தால் ஒழிந்துவிடும் என்று நினைப்போம். அதுவும் அப்படியில்லை. அபாயகரக் கழிவு எரி உலையின் இரண்டாவது அறையில் வாயு குறைந்தது 1,100 டிகிரி செல்சியஸில் 2 விநாடி நிற்க வேண்டும். அப்போதுதான் சிக்கலான கரிம மூலக்கூறுகள் முழுதாகச் சிதையும். ஆனால் அந்த வாயு மெதுவாக ஆறினால், ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரையிலான இடைவெளியில் குளோரினும் கரியும் மறுபடி கூடி டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகிவிடும். அதனால் தண்ணீரைப் பீய்ச்சி ஒரே வீச்சில் குளிர வைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு, தூளாக்கிய கரி, துணிப்பை வடிகட்டி என்று வரிசையாகக் கடந்தபின்தான் புகைபோக்கி. வெளியேறும் டையாக்சினுக்கான வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். இதில் ஏதாவது ஒரு படி சோம்பினாலும் உலை நஞ்சு தயாரிக்கும் கூடமாகிவிடும்.

உலோகமோ எவ்வளவு சூட்டிலும் எரியாது. யூனியன் கார்பைடு ஆலையில் 40 ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில் போபாலிலிருந்து அதே மாநிலத்தின் பீதம்பூரில் உள்ள எரி உலைக்கு 12 மூடிய கண்டெய்னர்களில் கொண்டுபோனார்கள். அதே ஆண்டின் நடுவில் எரித்து முடித்தார்கள். எரித்தபின் மிஞ்சிய சாம்பலும் எச்சமும் 800 டன்னுக்கும் மேல், போட்டதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். வாயுவைக் கட்டுப்படுத்தச் சேர்த்த சுண்ணாம்பும் கணக்கில் சேர்ந்துகொண்டது. அந்தச் சாம்பலுக்கும் ஒரு குழி தேவைப்பட்டது.

ஆக, முறையான வழி இருக்கிறது. அது விலை உயர்ந்த வழி. ஒவ்வொரு டன்னுக்கும் ஆலைதான் பணம் கட்ட வேண்டும், லாரிக்கூலி தனி. பெரிய கம்பெனிகளுக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி. அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ பத்துப் பேரை வைத்து முலாம் பூசும் கூடம் நடத்துபவருக்கு மாதம் சில வாளி மண்டிதான் சேரும். அதற்காக ஒரு லாரி வராது, சீட்டு எழுதத் தெரிந்த ஆளும் இருக்கமாட்டார். அந்த வாளிகள் இரவில் மழைநீர் வடிகாலுக்குப் போவதைத் தடுக்க அபராதம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். பல சிறு கூடங்களுக்குச் சேர்த்து ஒரு வண்டி, மாதம் ஒரு நாள் என்று பொது ஏற்பாடு இருந்தால்தான் அது நிற்கும்.

செலவை மிச்சம் பிடிப்பதற்காகத் தேக்கிவைப்பதன் விலை என்ன என்பதை, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த ராணிப்பேட்டை காட்டியது. 2015 ஜனவரி இறுதியில், அங்குள்ள சிப்காட்டில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கசட்டில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் தொழிலின் மாசுக்காகத் தொடுக்கப்பட்ட வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996இல் ‘மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டமாக அறிவித்தது. அந்தத் தீர்ப்பு பிறந்த மண்ணிலேயே 19 ஆண்டுகள் கழித்து இந்தச் சாவுகள் நடந்தன.

இது காசு செலவாகும் நஞ்சின் கதை. காசு கிடைக்கும் நஞ்சு இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது: எல்லோரும் அதைத் தேடி வருகிறார்கள்.

பழைய பேட்டரியை முறையான ஆலையில் உருக்கினால், அமிலத்தை நடுநிலையாக்கி, ஈயப் புகையை வடிகட்டி, கசடை நச்சுக் குழிக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவையும் செய்பவரால் அதிக விலை கொடுத்துப் பழைய பேட்டரி வாங்க முடியாது. இது எதையும் செய்யாதவரால் முடியும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்புக்கரியும் ஒரு ஊதுகுழலும் போதும். மேல்மூடியைச் சுத்தியலால் பெயர்த்து, அமிலத்தை அங்கேயே தரையில் கவிழ்த்து, தகடுகளை உருவி ஒரு இரும்புச் சட்டியில் போட்டுச் சூடாக்கினால் வேலை முடிந்தது. புகை பக்கத்து வீட்டுக் கூரையில் படிகிறது, சட்டையில் ஒட்டிக்கொண்டு வேலை செய்பவரின் வீட்டுக்குள் போகிறது. ஈயம் அதிகம் தாக்குவது பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளை. மூளை வளரும் பருவத்தில் போன திறன் பிறகு திரும்புவதில்லை. இந்தியாவில் ஏறத்தாழ 27.5 கோடி குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாம் என்று யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. இப்படிப்பட்ட உலைகளும் அதற்கு ஒரு காரணம்.

செம்புக் கம்பியும் அப்படித்தான். ரிச்சி தெருவிலும் புதுப்பேட்டையிலும் பிரித்தெடுத்த ஒயர்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஊரின் ஓரத்துக்குப் போகின்றன. அங்கே மேலுறையைக் கொளுத்திச் செம்பை எடுக்கிறார்கள். அந்த உறை பிவிசி, அதாவது குளோரின் நிறைந்த பிளாஸ்டிக். கூடவே இருக்கும் செம்பு டையாக்சின் உருவாவதற்கான வினையூக்கி. எரி உலையில் எதையெல்லாம் தடுக்க இத்தனை பாடுபடுகிறார்களோ, அத்தனையும் ஒரு காலிமனையில் ஒருசேர நடக்கிறது. கூலி, செம்பின் எடைக்கு.

மெக்கானிக் கடைகளில் வடிக்கும் வேஸ்ட் ஆயிலுக்கும் விலை உண்டு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போக வேண்டியது, சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பூசுவதற்கும் உலையில் எரிப்பதற்கும் டின் கணக்கில் கைமாறுகிறது. எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகள்களோடு மழையில் கழுவப்பட்டு அது எங்கே சேரும் என்று யாரும் கேட்பதில்லை.

காயலான் கடைக்காரர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த நகரத்தில் கழிவைத் தெருத்தெருவாகப் போய்ச் சேகரிக்கும் திறமை அவர்களிடம்தான் இருக்கிறது. மின்னணுக் கழிவுக்காக 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், உற்பத்தியாளர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்து 70, பிறகு 80 என்று மறுசுழற்சி இலக்கை எட்ட வேண்டும் என்கின்றன. அதற்காக அவர்கள் மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்குகிறார்கள். இந்தப் பணச் சங்கிலி ஆலையோடு நின்றுவிடுகிறது. மூட்டை சுமந்து சேகரித்தவருக்கு, ஒயரைக் கொளுத்தாமல் முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தால் கூடுதலாக இவ்வளவு என்று ஒரு ரூபாய்கூட அதில் எழுதப்படவில்லை. அந்த வித்தியாசத் தொகையைக் கொடுத்துவிட்டால் கொளுத்துவதற்கே காரணம் இருக்காது.

இனி யாருக்கும் வேண்டாத நஞ்சு, வீட்டு நஞ்சு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதற்குத் தெளிவாகப் பட்டியல் போட்டன: பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பயன்படுத்திய பேட்டரி, ஊசி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நமக்குப் பாடமாகச் சொல்லித்தந்த இரண்டோடு இது மூன்றாவது வகை. அந்த விதிகளிலேயே இன்னொன்றும் சொல்லப்பட்டது. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் வீட்டு அபாயகரக் கழிவுக்கென்று ஒப்படைப்பு மையம் அமைத்து, அது எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை உள்ளாட்சி அறிவிக்க வேண்டும். பெருநகரச் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப்படி குறைந்தது 22 மையங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மையம் எது, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று தெருவில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

ஊசியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் பயன்படுத்திய ஊசி, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது. அங்கிருந்து பொது மருத்துவக் கழிவு மையத்துக்கு வண்டி வருகிறது. பொதுவாக 48 மணி நேரத்துக்குள் சுத்திகரிக்க வேண்டும் என்பது விதி. மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் ஆபத்தானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றதோடு கலந்துவிட்டால் மொத்தமும் ஆபத்தாகிவிடும் என்பதால்தான் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாகப் பிரித்துப் போடுவதில் இத்தனை கண்டிப்பு. அதே ஊசியை ஒரு நீரிழிவுக்காரர் வீட்டில் போட்டுக்கொண்டால் எந்த நிறமும் இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அவர்களில் ஒரு பங்கினர் தினமும் இன்சுலின் போடுகிறவர்கள். அந்த ஊசிகள் காய்கறித் தோலோடு கறுப்புக் கவருக்குள் போய், பிரித்துப் போடும் தூய்மைப் பணியாளரின் விரலில் ஏறுகின்றன. கையுறை கொடுத்திருக்கலாம், துணிக் கையுறை ஊசியைத் தடுக்காது.

கலந்துபோன வீட்டு நஞ்சின் அடுத்த நிறுத்தம் பல பத்தாண்டுகளாகப் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகள். ஒன்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல்தான், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மற்றொன்று ஏற்கெனவே மணலி, எண்ணூர் ஆலைகளைச் சுமக்கும் வடசென்னையில். இந்த இரண்டு மேடுகளுக்கும் அடியில் களிமண்ணும் இல்லை, விரிப்பும் இல்லை. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது, அது நல்லது. அதேசமயம் கொடுங்கையூரில் நாள்தோறும் ஆயிரம் டன்னுக்கு மேல் எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்குத் திட்டமிட்டார்கள், 2025இல் அதை எதிர்த்து வடசென்னைக் குடியிருப்போர் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பயத்தில் அறிவியல் இருக்கிறது. நகரக் குப்பையை எரித்தால் ஒவ்வொரு 100 டன்னுக்கும் சுமார் 20 டன் அடிச்சாம்பலும், ஓரிரு டன் மிக நுண்ணிய பறக்கும் சாம்பலும் மிஞ்சும். குப்பையோடு உள்ளே போன பேட்டரியின் காட்மியமும் பெயின்ட்டின் ஈயமும் அந்த நுண்சாம்பலில்தான் குவியும். பாதரசம் வாயுவோடு கிளம்பும். சாம்பலில் நச்சு உலோகம் வரம்பை மீறினால் அதை அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. வீட்டில் ஒரு கவரில் பிரித்துவைத்திருக்கக் கூடியது, ஆலையைத் தாண்டியதும் லாரி லாரியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டிய சாம்பலாகிவிடுகிறது.

நஞ்சை யார் கையால் அள்ளுகிறோம் என்பதில் இந்த ஊர் இன்னும் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. எண்ணெய்க் கசடு அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கும் பொருள். அதை முதல் நாட்களில் வாளியாலும் குவளையாலும் அள்ளியவர்கள் உள்ளூர் மீனவர்கள், இடுப்பளவு தண்ணீரில், லுங்கியும் சட்டையுமாக.

புனேயில் 2008 முதல் வேறு மாதிரி நடக்கிறது. குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களே உறுப்பினர்களான ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் கழிவு எடுக்கிறது. வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணத்தை நேரடியாக அவர்களிடமே கொடுக்கிறார்கள். நாப்கின், டயப்பர் போன்றவற்றைக் காகிதத்தில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பிரிக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் புள்ளி போதும். கேட்டது கழிவைக் கையால் தொடுகிறவர்கள்.

சென்னையில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் ஒரு பூட்டிய அறை, டியூப்லைட்டுக்கு நீளப் பெட்டி, ஊசிக்குத் தடித்த பிளாஸ்டிக் குப்பி, மருந்துக்கும் பெயின்ட்டுக்கும் தனித்தனி ட்ரம், வாரத்தில் ஒரு முழு நாள் திறப்பு, அங்கே கொண்டுவந்து சேர்க்கும் தூய்மைப் பணியாளருக்கும் காயலான் கடைக்காரருக்கும் எடைக்கேற்ற தொகை. இதற்குப் புதிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். 22 என்ற எண்ணிக்கையில் முதல் 15 இப்படியே வந்துவிடும். தொழிற்சாலைகளைப்போலவே மாநகராட்சியும் சீட்டு எழுதிக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பட்டும். திரும்பி வரும் நீலப் பிரதிகளை மண்டல வாரியாக மாதாமாதம் வெளியிடட்டும். எங்கே எத்தனை கிலோ சேர்ந்தது, எந்த மண்டலத்தில் ஒன்றுமே சேரவில்லை என்பதை அந்தந்த வார்டுக்காரர்களே பார்த்து, கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்வார்கள்.